சோலார் வெந்நீர் முகப்புக்கு வருவதற்குள் இரண்டு வாளி தண்ணீர் வீணாகிறது: குழாய்களை எப்படி மாற்றுவது?

கேட்டவர்: மூன்றாங்கட்டு

வணக்கம். காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் வெந்நீர்க் குழாய்களைத் தைப் பொங்கல் கழிந்ததும் முழுவதுமாக மாற்ற எண்ணியிருக்கிறோம். வேலையைத் தொடங்கும் முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

வீடு இத்தெருவிலிருந்து அத்தெரு வரை நீளும் வழக்கமான அமைப்பு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் அடுப்படி. கண்ணாடிக் குழல்கள் கொண்ட 300 லிட்டர் சோலார் ஹீட்டர் அடுப்படிக்கு மேல் உள்ள தளத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு அங்குல ஜிஐ குழாய் (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்) புறச்சுவரை ஒட்டியே சென்று, இரண்டாங்கட்டில் உள்ள இரு குளியலறைகளுக்குக் கிளை கொடுத்துவிட்டு, முகப்பை ஒட்டிய குளியலறையில் முடிகிறது. ஹீட்டரிலிருந்து இரண்டாங்கட்டுக்கு 18 மீட்டர், முகப்புக்கு 45 மீட்டர். அந்த முகப்புக் குளியலறையைத்தான் என் தாயார் பயன்படுத்துகிறார்கள். படியேறவோ பின்கட்டு வரை நடக்கவோ அவர்களால் இயலாது.

காலையில் குழாயைத் திறந்தால் 15 லிட்டர் வாளிகள் இரண்டு நிரம்பிய பிறகுதான் சூடு தெரியத் தொடங்குகிறது. அதன் பிறகும் வெதுவெதுப்பாக வருகிறதே தவிர, அடுப்படியில் வருவது போலக் கொதிக்கக் கொதிக்க வருவதில்லை. போன வருடம் முகப்புப் பகுதியில் தண்ணீர் வேகமாக வரட்டும் என்று பிரஷர் பம்ப் ஒன்று வைத்தோம். அதன் பிறகு சூடு இன்னும் குறைந்துவிட்டதாகத் தாயார் சொல்கிறார்கள். அதே காலத்திலிருந்து ஹீட்டரின் வென்ட் குழாயில் (காற்றும் ஆவியும் வெளியேறும் குழாய்) அவ்வப்போது தண்ணீர் சொட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.

ஹீட்டர் விற்பவர் 500 லிட்டராக மாற்றச் சொல்கிறார். பிளம்பர் சுவரில் காடி வெட்டிப் புதிய குழாயை உள்ளே புதைத்துவிட்டால் சூடு நிற்கும் என்கிறார். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சாதாரண நாட்களில் வீட்டில் இருப்பது நாலு பேர். விசேஷம் என்றால் நாற்பது பேர்.

பதில் 1: சென்னைவாசி

ஹீட்டரை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பது போலத் திரும்பு குழாய் ஒன்று போட்டு, சிறிய சுழற்சிப் பம்ப் வைத்துவிட்டால், வெந்நீர் எப்போதும் குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும். திறந்த மறுநொடியே சுடுதண்ணீர் கிடைக்கும். ஒரு சொட்டும் வீணாகாது. பம்ப் இழுக்கும் மின்சாரம் ஒரு சிறிய பல்புக்கு ஆவதைவிடச் சற்று அதிகமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

பதில் 2: குழாய் வேலை, காரைக்குடி

ஐயா, முதலில் பம்ப் விஷயம். பம்ப் இழுக்கும் மின்சாரம் சொற்பம்தான். ஆனால் குழாய் இழக்கும் சூடு சொற்பமன்று. நல்ல உறை போட்ட முக்கால் அங்குலக் குழாயும், சுற்றியுள்ள காற்றைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடான தண்ணீர் அதில் ஓடினால், மீட்டருக்குச் சுமார் 8 வாட் வீதம் சூட்டை வெளியே விடும். உங்கள் வீட்டில் போக 45, வர 45, ஆக 90 மீட்டர். நாள் முழுவதும் சுற்றவிட்டால் இழப்பு 17 யூனிட்டுக்கு வரும். 300 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்கு உயர்த்தத் தேவைப்படுவதோ மொத்தமே பத்தரை யூனிட்தான். அதாவது சூரியன் பகலெல்லாம் சேர்த்துக் கொடுத்ததைக் குழாய் விடிவதற்குள் தின்று தீர்த்துவிடும். சென்னை நண்பரின் குடியிருப்பில் பல வீடுகள் ஒரே குழாயிலிருந்து மாறி மாறி எடுப்பதால் அது அங்கே பொருந்துகிறது; காலையில் ஒரு முறை மட்டும் திறக்கப்படும் கடைசிக் குழாய்க்கு அது பொருந்தாது. டைமர் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் வேறொரு கெடுதல் உண்டு. சோலார் தொட்டியில் சூடான நீர் மேலேயும் ஆறிய நீர் கீழேயும் அடுக்காக நிற்கும். திரும்பி வரும் நீர் அந்த அடுக்கைக் கலக்கி, எல்லாவற்றையும் ஒரே வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்துவிடும்.

இப்போது உங்கள் இரண்டு வாளிக் கணக்குக்கு வருகிறேன். ஒரு அங்குல ஜிஐ குழாயில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.57 லிட்டர் நிற்கும். 45 மீட்டருக்கு 26 லிட்டர். அத்துடன் அந்தக் குழாயின் இரும்பே நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ளது. அதைச் சூடாக்க இன்னும் 12 லிட்டர் தண்ணீரைச் சூடாக்குவதற்குச் சமமான சூடு போகும். தாயார் குளித்து முடித்துக் குழாயை மூடியதும் இத்தனையும் உள்ளேயே நின்று ஆறிப்போகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு யூனிட்டுக்கு மேல் வீணாகும் சூடு அது. 500 லிட்டர் தொட்டி வாங்கினால் இந்த நீளமும் அகலமும் ஓர் அங்குலம்கூடக் குறையப் போவதில்லை. தொட்டி பெரிதாகும், காத்திருப்பு அப்படியேதான் இருக்கும்.

சரி, குழாயைச் சிறுத்துப் போடலாமா? அரை அங்குல சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) என்றால் மீட்டருக்கு 0.12 லிட்டர்தான் நிற்கும். 45 மீட்டருக்கு ஐந்தரை லிட்டரில் வேலை முடியும். ஆனால் உங்கள் ஹீட்டர் பிரஷர் இல்லாமல், மேல்நிலைத் தொட்டியின் உயரத்தை மட்டும் நம்பி ஓடுகிறது. தொட்டிக்கும் குழாய்க்கும் இரண்டு மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் அவ்வளவு நீளமான அரை அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு நாலு லிட்டர் வந்தாலே அதிகம். அதையே முக்கால் அங்குலமாகப் போட்டால் ஓட்டம் 10 லிட்டருக்கு உயரும். ஆனால் குழாயில் நிற்பது 12 லிட்டராகிவிடும். ஆகவே எந்த அளவைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த 45 மீட்டருக்கு ஏதாவது ஒரு விலை கொடுத்தே தீர வேண்டும்.

என் யோசனை, முகப்புக் குளியலறையைச் சோலாரிலிருந்து அறவே பிரித்துவிடுவது. அங்கே 10 லிட்டர் கீசர் ஒன்றை மாட்டுங்கள். 10 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர மூன்றில் ஒரு பங்கு யூனிட் போதும். 2 கிலோவாட் கீசருக்குப் பத்து நிமிடம் ஆகும். குளிர்ந்த நீர் கலந்தால் குளிக்கும் சூட்டில் 22 லிட்டர் கிடைக்கும். சோலார் இலவசம், கீசர் செலவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் உங்கள் வீட்டில் அந்த ஒரு குளியலுக்காகக் குழாயில் ஆறிப்போகும் சூடு, கீசருக்கு ஆகும் மின்சாரத்தைப் போல மூன்று மடங்கு. வீணாகும் 30 லிட்டரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏற்றிய மின்சாரம் தனி.

உடனடி கீசர் சிறியதாகவும் மலிவாகவும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். முழு மின்னழுத்தம் இருந்தால் 3 கிலோவாட் உடனடி கீசர் நிமிடத்துக்கு 3 லிட்டரை 14 டிகிரி உயர்த்தும். நம் ஊர் வெப்பத்துக்கு அது போதும். ஆனால் மாலையில் 190 வோல்ட் வரும் தெருக்கள் நிறைய உண்டு. அப்போது அதன் சக்தி 2 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும், சூடு 10 டிகிரிகூட ஏறாது. தொட்டியுள்ள கீசரோ நேரம் சற்று கூடினாலும் சொன்ன சூட்டுக்கு வந்துவிடும். பழைய மரப்பட்டி வயரிங்கில் மட்டும் இதை மாட்டிவிடாதீர்கள். மீட்டர் பெட்டியிலிருந்து தனிக் கம்பி, 16 ஆம்பியர் பிளக், மின்கசிவு என்றால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, முறையான எர்த் ஆகியவை கட்டாயம்.

வென்ட் குழாய் சொட்டுவதற்கும் பிரஷர் பம்புக்கும் நிச்சயமாகத் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். குளிர்ந்த நீர் பம்பின் அழுத்தத்தில் வருகிறது. வெந்நீர் வெறும் உயரத்தில் வருகிறது. மிக்சர் குழாயில் இரண்டும் சந்திக்கும்போது வலுவானது மெலிந்ததைத் தள்ளிக்கொண்டு வெந்நீர்க் குழாய்க்குள்ளேயே பின்னோக்கி ஏறும். ஷவர் கைப்பிடியைத் திறந்து வைத்து வாய்ப்பக்கம் மட்டும் அடைத்திருந்தால் இது இரவு முழுவதும் நடக்கும். சோலார் தொட்டி நிறைந்து வென்ட் வழியே வழியும். அந்த மிக்சருக்கு வரும் குளிர்ந்த நீரின் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

இரண்டாங்கட்டுக்கும் அடுப்படிக்கும் சோலாரே இருக்கட்டும். ஜிஐ குழாயைக் கழற்றி, முதன்மைக் குழாயை முக்கால் அங்குல சிபிவிசியாகவும், ஒவ்வொரு குளியலறைக்கும் போகும் கிளையை அரை அங்குலமாகவும் போடுங்கள். 18 மீட்டருக்கு 5 லிட்டருக்குள் சூடு வந்துவிடும். அடுப்படிக்குத் தொட்டி அருகிலேயே பிரித்துத் தனி அரை அங்குலக் குழாய் விடுங்கள். ஹீட்டர் வாயிலிருந்து முதல் 3 மீட்டர் மட்டும் உலோகக் குழாயாக இருக்க வேண்டும். சிபிவிசி அழுத்தத்தோடு 82 டிகிரி வரை தாங்கும். ஆனால் யாரும் எடுக்காத சித்திரை வெயிலில் கண்ணாடிக் குழல் ஹீட்டர் கொதிநிலையை நெருங்கிவிடும். அந்த 3 மீட்டருக்குச் செம்புக் குழாய் போட்டால் அதற்குப் பின்னால் எங்கும் ஜிஐ துண்டு இருக்கக்கூடாது. செம்பைத் தொட்டு வந்த நீர் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். அத்துடன் 18 மீட்டர் சிபிவிசி 35 டிகிரி சூடேறினால் 4 சென்டிமீட்டர் நீளும் என்பதையும் பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள். நேர்கோடாக இழுத்து இரு முனையிலும் கிளாம்பை இறுக்கிவிட்டால் குழாய் வில்லாக வளையும், அல்லது எல்போவில் விரிசல் விடும். நடுவில் லூப் ஒன்று கொடுத்து, கிளாம்பில் குழாய் நகரும்படி விடவேண்டும். உறைக்கு 13 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் போதும். வெயில் படும் இடத்தில் அதன் மேல் அலுமினியத் தகடு சுற்றாவிட்டால் சில வருடங்களில் பொடியாக உதிர்ந்துவிடும்.

பதில் 3: பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, குழாய் விவரம் சொல்லப் பதில் 2 எழுதியவர் இருக்கிறார். சுவர் விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். காடி வெட்டவே வெட்டாதீர்கள். நம் வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்காகப் பூசி, முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்து வழவழவென்று தேய்த்து ஏற்றியது. அதில் காடி வெட்டிச் சிமென்டால் அடைத்தால், சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட, சிமென்ட் விடாமல் பிடித்துக்கொள்ள, இரண்டும் ஒட்டாமல் ஓரம் ஓரமாகப் பொரிந்துகொண்டே வரும். எங்கள் வளவில் அப்படி அடைத்த ஒரு கோடு இன்றைக்கும் சாம்பல் நிறத்தில் தனியாகத் தெரிகிறது. கையால் தட்டினால் உள்ளே வெற்றிடமாக ஒலிக்கிறது. சுவருக்குள் புதைத்தால் சூடு நிற்கும் என்பதும் சரியன்று. உறையில்லாமல் புதைத்தால் அவ்வளவு பருமனான சுவர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கசிவு வந்தால் கண்ணுக்குத் தெரியும்போது பூச்சோடு ஆத்தங்குடிக் கல்லும் சேர்ந்து போயிருக்கும். குழாய் வெளியிலேயே, புறச்சுவரில், கைக்கு எட்டும்படி போகட்டும்.

இன்னொன்று, வீடு உங்கள் ஒருவர் பங்கா அல்லது பங்காளிகளோடு பொதுவா என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவென்றால், குழாய் யாருடைய அறையின் புறச்சுவரில் போகிறது, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் யார் கட்டுவது என்று முதலில் எல்லோரிடமும் பேசி முடித்துவிடுங்கள். ஐம்பதாயிரம் செலவழித்துக் குழாய் போட்ட பிறகு ஒரு கிளாம்புக்காக மனத்தாங்கல் வந்த வீடுகள் உண்டு.

விசேஷத்துக்கு நாற்பது பேர் வருவார்கள் என்பதற்காகப் பெரிய ஹீட்டர் வாங்குவதும் வேண்டாம். வருடத்தில் சில நாட்களுக்காக மீதி நாளெல்லாம் அதைக் காய வைப்பீர்கள். பின்கட்டில் பழைய தாமிர பாய்லர் கிடந்தால் எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, ஈயம் பூசி வையுங்கள். நடுக்குழலில் சிரட்டையும் விறகுத் துண்டும் போட்டு மூட்டிவிட்டால், மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அந்தத் தண்ணீர் அடியில் போய், கொதித்த ஒரு சொம்பு குழாய் வழியே வந்துகொண்டே இருக்கும். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாளில் விடியுமுன் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் அது அசராது. ஒன்று மட்டும், பாய்லர் திறந்த வெளியில் இருக்க வேண்டும். கதவடைத்த குளியலறைக்குள் வைத்துப் புகைய விடக்கூடாது.

கேட்டவர்: மூன்றாங்கட்டு

மூவருக்கும் நன்றி. பதில் 2 எழுதிய நண்பர் சொன்னபடி முகப்புக் குளியலறை மிக்சரின் குளிர்ந்த நீர் வால்வை மூடிப் பார்த்தோம். வென்ட் சொட்டுவது அன்றே நின்றது; அடுப்படியிலும் வெந்நீர் முன்னைவிடச் சூடாக வருகிறது. இத்தனை மாதங்களாகச் சோலார் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீரைப் பம்ப் ஏற்றிக்கொண்டிருந்தது என்பது இப்போது தெளிவாகிறது. ஆகவே முகப்புக்குத் தனி கீசர் என்று முடிவு செய்துவிட்டோம். காடி வெட்டும் பேச்சும் நின்றது. ஆச்சி கேட்டதற்குப் பதில்: வீடு மூன்று பங்கு. இரண்டாங்கட்டின் ஒரு குளியலறை சித்தப்பா பங்கைச் சேர்ந்தது, அவர்களிடம் பேசியாகிவிட்டது. பாய்லர் மச்சில் இருக்கிறது, இறக்க வேண்டும்.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. தாயாரைச் சில மாதங்கள் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்வோம். அப்போது வீடு பூட்டியிருக்கும். சோலாரை அப்படியே விட்டுச் செல்லலாமா? உப்புத் தண்ணீருக்கு என்ன செய்வது? தெருக்குழாயில் வரும் தண்ணீர் நன்றாக இருக்கிறது. ஆனால் அது குடிக்கவும் சமைக்கவும்தான் போதுமானதாக உள்ளது.

பதில் 4: குழாய் வேலை, காரைக்குடி

ஐயா, பூட்டிய வீட்டில் சோலாரை அப்படியே விடக்கூடாது. குழல்களின் மேல் வெள்ளைத் துணியோ தார்ப்பாயோ போட்டுக் கட்டிவிட்டுச் செல்லுங்கள். இல்லாவிட்டால் நாள்தோறும் கொதித்து வென்ட் வழியே ஆவியாகிக்கொண்டே இருக்கும். மேல்நிலைத் தொட்டியும் காலியாகியிருந்தால் குழல்கள் வறண்டுபோகும். திரும்பி வந்ததும் செய்யவே கூடாதது ஒன்று உண்டு: நடுப்பகலில் மோட்டாரைப் போட்டு வறண்ட குழல்களுக்குள் தண்ணீர் விடுவது. காய்ந்த கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் வரிசையாக வெடிக்கும். சூரியன் ஏறுமுன் அதிகாலையில், அல்லது இரவில் குழல்கள் நன்றாக ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி இருந்தால் அவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

மாதக்கணக்கில் குழாயில் வெதுவெதுப்பாக நின்ற தண்ணீரில் உடனே ஷவரைத் திறந்து நிற்பதும் வேண்டாம். 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். வயதானவர்களுக்கு அது ஆபத்து. வந்த அன்று பழைய தண்ணீரை வடித்துவிட்டு, தொட்டி 60 டிகிரிக்கு வந்த பின், சன்னலைத் திறந்து வைத்து ஒவ்வொரு குழாயிலும் சில நிமிடம் ஓடவிட்டுவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். இதே காரணத்துக்காக முகப்புக்குப் போகும் பழைய 27 மீட்டர் குழாயை வெறுமனே மூடி வைக்காமல், இரண்டாங்கட்டுக்குப் பிரியும் டீ இணைப்பு இருக்கும் இடத்திலேயே வெட்டி நீக்கிவிட வேண்டும். முனை அடைத்து விட்டுவைத்த குழாயில் தண்ணீர் என்றைக்கும் மாறாமல் நிற்கும்.

உப்பைப் பொறுத்தவரை, சூடு 60 டிகிரியைத் தாண்டத் தாண்டப் படிவு வேகமாக ஏறும். ஆகவே கீசரின் தெர்மோஸ்டாட்டை 75-இல் வைக்காமல் 60-இல் நிறுத்துங்கள். கீசர் வாங்கும்போது உட்புறம் கண்ணாடிப் பூச்சு உள்ளதா, மெக்னீசியம் தண்டு உள்ளதா என்று பாருங்கள். தொட்டிக்குப் பதிலாக அந்தத் தண்டுதான் அரிபட்டுத் தேயும்; தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றினால் போதும். கீசருக்கு வரும் தண்ணீரும் மிக்சருக்கு வரும் குளிர்ந்த நீரும் ஒரே பம்பிலிருந்து பிரியட்டும். அப்போது பழைய தள்ளுமுள்ளுக்கு இடமிராது. பம்புக்கு ஏற்ற அழுத்தம் தாங்கும் கீசர்தானா என்பதையும், அதில் பாதுகாப்பு வால்வு பொருத்தியிருக்கிறார்களா என்பதையும் பார்த்து வாங்குங்கள். சோலாரின் கண்ணாடிக் குழல்களில் உப்பு அடியில் தங்கும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவினால் போதும், ஆள் பழகியவராக இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும்போது ஹீட்டரின் வாயில் ஒரு பால் வால்வும், இரண்டாங்கட்டுக் கிளைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பால் வால்வும், அதன் பக்கத்தில் யூனியனும் (குழாயை வெட்டாமல் கழற்ற உதவும் இணைப்பு) போடச் சொல்லுங்கள். சித்தப்பா பங்கின் குளியலறையில் ஏதாவது பழுதென்றால் உங்கள் வெந்நீரை நிறுத்தாமல் அதை மட்டும் அடைத்துக் கழற்றிக்கொள்ளலாம்.

பதில் 5: சென்னைவாசி

கணக்கைப் பார்த்த பிறகு பம்ப் யோசனையை விட்டுவிட்டேன். ஒரு கேள்வி மட்டும்: கார்த்திகை, மார்கழியில் நாலு நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் இரண்டாங்கட்டுக்கு என்ன வழி? சோலார் தொட்டியிலேயே மின் காயில் (தண்ணீரைச் சூடாக்கும் மின்சுருள்) பொருத்தித் தருகிறார்களே.

பதில் 6: குழாய் வேலை, காரைக்குடி

தருகிறார்கள். ஆனால் காயில் தொட்டியின் அடியில் இருந்தால் இரண்டு பேர் குளிக்க 300 லிட்டரையும் சூடாக்க வேண்டிவரும். தொட்டியின் மேல் பகுதியில் காயில் வரும் வகை என்றால் மேலே உள்ள பங்கு மட்டும் சூடாகும். அப்படிக் கிடைத்தால் பொருத்திக்கொள்ளலாம். அதன் சுவிட்சை அடுப்படியில், கண்ணில் படும் இடத்தில், எரியும்போது சிவப்பு விளக்குத் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் வைத்துவிட்டால் மழை விட்டு வெயில் வந்த பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.